மச்சானுக்கு ஒரு மாடல் நம்பர்

போன வாரம் திருச்சியிலிருந்து மச்சான் போன் செய்தான். வீட்டில் மீடியா சர்வர் போடப் போகிறானாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால் டிவியிலும் போனிலும் எல்லாப் படத்தையும் பார்க்கலாம் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். "மாமா, ஹார்ட் டிஸ்க் மட்டும் நீங்க சொல்லுங்க. எந்த கம்பெனியை நம்பி வாங்கலாம்? ஒரே ஒரு பேர் போதும்" என்றான். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, அப்போ எந்த கம்பெனி?" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் இருந்தேன். 2019-ல் என் மேசை மேல் இருந்த ஒரு போர்ட்டபிள் டிஸ்க் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஒரு நாள் காலையில் பல்லி மாதிரி டிக் டிக் என்று சத்தம் போட்டது, அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. உள்ளே மகளின் முதல் பிறந்தநாள் வீடியோ இருந்தது. அப்பா கும்பகோணத்துக் கோயில் திருவிழாக்களில் கேசட்டில் பதிந்து வைத்திருந்த நாதஸ்வரக் கச்சேரிகளும் இருந்தன, அவற்றை ஒரு தீபாவளி லீவு முழுக்க உட்கார்ந்து எம்பி3 ஆக மாற்றியிருந்தேன். பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேரடியாக, கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் மாட்டிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த மாதிரி சின்ன டிஸ்க்குகள் பலவற்றில் சாட்டா சாக்கெட்டே கிடையாது, யூஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கின் போர்டிலேயே சால்டர் செய்து விட்டிருப்பார்கள். டேட்டா ரிக்கவரி செய்யும் ஓர் இடத்தில் கேட்டேன். டிஸ்க்கின் விலையைப் போல பத்து மடங்குக்கு மேல் சொன்னார்கள், அதுவும் கேரண்டி இல்லாமல். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கேசட்டுகளை அப்பா தூக்கிப் போடவில்லை, அதனால் நாதஸ்வரம் திரும்ப வந்தது. பிறந்தநாள் வீடியோ வரவில்லை. இன்று எங்களிடம் இருப்பது அன்றைக்கு இந்த மச்சான் தன் போனில் எடுத்த நாற்பது வினாடிதான், அதிலும் பாதி நேரம் கேமரா கேக்கைப் பார்க்காமல் பந்தி பக்கம் திரும்பியிருக்கிறது. அம்மாவோ, "ஆல்பம் போட்டிருந்தா எலி கடிச்சாத்தான் போகும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அப்போது ஆரம்பித்த பைத்தியம் இது. இனி எழுதுவதெல்லாம் மச்சானிடம் சொன்ன அந்த முக்கால் மணி நேரம்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி.

முதலில் மீடியா சர்வர் டிஸ்க்கிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. 4கே புளூ-ரே வட்டின் உச்ச வேகமே வினாடிக்கு 150 மெகாபிட்டுக்குள்தான், அதாவது 20 மெகாபைட்டுக்கும் கீழே. இன்றைக்கு விற்கும் சாதாரண 3.5 அங்குல டிஸ்க் வினாடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் சாவகாசமாகக் கொடுக்கும். ஒரே நேரத்தில் ஹாலில் ஒருவர், படுக்கையறையில் ஒருவர், ஊரிலிருந்து ஒருவர் என்று மூன்று பேர் பார்த்தாலும் டிஸ்க் வியர்க்காது. அதனால் 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேண்டுமா, கேஷ் 256 எம்பியா 512 எம்பியா என்பதெல்லாம் இங்கே வீண் கவலை. ஒருமுறை எழுதுகிறோம், பலமுறை படிக்கிறோம், வருடக்கணக்கில் மின்சாரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பிரச்சினை வருவது ஒரே ஒரு சமயத்தில். ஒரு டிஸ்க் செத்து, அதற்குப் பதில் புதியதை மாட்டி, எல்லாவற்றையும் மறுபடி அதில் எழுத வைக்கும்போது. அந்த இரண்டு நாள்தான் பரீட்சை.

அந்தப் பரீட்சையில் நான் ஒருமுறை நன்றாகத் தோற்றேன். 2019 விபத்துக்குப் பிறகு, பெரிய டிஸ்க்காக வாங்கி ரெய்டில் (ஒன்று செத்தாலும் தகவல் தப்பும்படி பல டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டுவது) போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான டெஸ்க்டாப் டிஸ்க் நான்கை ஒரே ஆர்டரில் வாங்கினேன். ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒன்று மக்கர் செய்ய, புதியதை மாட்டி ரீபில்டை, அதாவது அதில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும் வேலையை, தொடங்கினேன். முதல் ஒரு மணி நேரம் பிரமாதம். அப்புறம் வேகம் சரிந்து சரிந்து வினாடிக்கு 10 மெகாபைட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, திரையில் 'மீதி 8 நாள்' என்று காட்டியது. கேபிளை மாற்றினேன், போர்டை மாற்றினேன், சர்வர் பெட்டியைத் திறந்து ஃபேன் வைத்தேன். காரணம் இது எதுவும் இல்லை, டிஸ்க் செய்யப்பட்ட விதமே அப்படி. அதற்குப் பெயர் எஸ்எம்ஆர்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சாதாரண டிஸ்க்கில், அதாவது சிஎம்ஆர் வகையில், தகவல் எழுதும் தடங்கள் ஒன்றுக்கொன்று இடம் விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எந்தத் தடத்தையும் தனியாக அழித்து எழுதலாம். எஸ்எம்ஆரில் தடங்களைக் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று விளிம்பு படும்படி அடுக்கியிருப்பார்கள், அதே வட்டில் அதிக இடம் கிடைக்கும் என்பதற்காக. நடுவில் ஒரே ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் படிந்திருக்கும் அத்தனை ஓட்டையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும் இல்லையா, இங்கேயும் அதே கதைதான். இந்த மந்தம் வெளியே தெரியாமல் இருக்க டிஸ்க்கில் கொஞ்சம் சாதாரண இடம் ஒதுக்கி, வருவதை முதலில் அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் ஓட்டுக் கூரைக்கு மாற்றும். நீங்கள் ஒரு படத்தைக் காப்பி செய்தால் வித்தியாசமே தெரியாது. ரீபில்ட் மாதிரி மூச்சு விடாமல் பல டெராபைட் எழுதினால் அந்த இடம் நிரம்பிவிடும், அப்புறம் வண்டி மாட்டு வண்டி.

இதைப் பெட்டியின் மேல் எழுதியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். எழுதுவதில்லை என்பதுதான் சங்கதி. இது ஏதோ மலிவு டிஸ்க் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் ஒரு பெரிய ரகளை நடந்தது. வீட்டு நாஸ் பெட்டிகளுக்கென்றே (நெட்வொர்க்கில் மாட்டி வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் டிஸ்க்குகளில் 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள், வாங்குகிறவர்களுக்குச் சொல்லாமலே எஸ்எம்ஆருக்கு மாற்றப்பட்டிருந்தன. இசட்எஃப்எஸ் (ரெய்ட் மாதிரி டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் மென்பொருள்) வைத்திருந்தவர்களின் ரீபில்ட் அடிக்கடி தோற்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த மாடல்களில் ஒன்றைச் சோதித்தவர்கள், மற்ற டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த வேலைக்கு அது ஒன்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டதாக எழுதினார்கள். வழக்குகள் வந்தன. கம்பெனி மாடல் பட்டியலை வெளியிட்டது, பிறகு பெயர்களைப் பிரித்தது. ரெட் என்றால் எஸ்எம்ஆர், ரெட் பிளஸும் ரெட் புரோவும் சிஎம்ஆர். இன்றும் கடையில் போய் 'சிவப்பு ஸ்டிக்கர் போட்டது கொடுங்கள்' என்று கேட்டால் இவற்றில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த ரெட் டிஸ்க்குகளில் 'இஎஃப்ஏஎக்ஸ்' என்ற எழுத்துகளில் முடியும் 6 டிபி மாடல் எஸ்எம்ஆர், 'இஎஃப்ஆர்எக்ஸ்' என்று முடியும் பழைய 6 டிபி மாடல் சிஎம்ஆர். சரி, இஎஃப்ஏஎக்ஸ் என்றாலே கெட்டது என்று மனப்பாடம் செய்துகொண்டால், அதே எழுத்துகளில் முடியும் 8 டிபி மாடல் சிஎம்ஆர்! இதனால்தான் மச்சானிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கம்பெனி பெயர் போதாது, ஸ்டிக்கரின் நிறம் போதாது, வரிசைப் பெயர்கூடப் போதாது. முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை படித்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் விவரத் தாளில் சிஎம்ஆர் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் வாங்கக் கூடாது. சீகேட் தன் அயர்ன்வுல்ஃப் வரிசையில் எஸ்எம்ஆர் இல்லை என்று அந்த ரகளை நேரத்திலேயே சொல்லிவிட்டது, ஆனால் அதே கம்பெனியின் டெஸ்க்டாப் பாரகுடாவில் எஸ்எம்ஆர் தாராளமாக உண்டு. ஆர்பிஎம் விஷயத்திலும் இந்த வார்த்தை ஜாலம் நடந்தது. '5400 ஆர்பிஎம் கிளாஸ்' என்று போட்டு விற்ற சில பெரிய டிஸ்க்குகளின் ஒலியை மைக்கில் பிடித்துப் பார்த்தவர்கள், அவை 7200-ல் சுற்றுவதைக் கண்டுபிடித்தார்கள். 'கிளாஸ்' என்றால் வேகம் அல்ல, தரமாம்!

சரி, எஸ்எம்ஆரைத் தள்ளிவிட்டோம். மிச்சம் இருப்பதில் எது சாகாது? எல்லாம் சாகும். எது எந்த விகிதத்தில் சாகிறது என்பதற்குத்தான் ஓரளவு கணக்கு இருக்கிறது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க கிளவுட் பேக்கப் கம்பெனி தன் டேட்டா சென்டர்களில் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கை 2013 முதல் மாடல் வாரியாக வெளியிட்டு வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நம்மில் சிலர் இதைப் பஞ்சாங்கம் மாதிரி பார்ப்போம். மொத்தமாக எடுத்தால் 2022-ல் நூற்றுக்கு 1.37, 2023-ல் 1.40, 2024-ல் 1.57 டிஸ்க்குகள் ஒரு வருடத்தில் செயலிழந்திருக்கின்றன.

சின்ன எண்ணாகத் தெரிகிறதா? நான்கு டிஸ்க் ஐந்து வருடம் ஓடினால், வருடத்துக்கு 1.4 சதவீதம் என்ற கணக்கில், அதில் ஒன்றாவது போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. விற்பனைத் தாளில் இருக்கும் '10 லட்சம் மணி நேரம்' என்ற எம்டிபிஎஃப் (சராசரியாக எத்தனை மணி நேரத்துக்கு ஒரு கோளாறு) கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். 10 லட்சம் மணி நேரம் என்றால் 114 வருடம். எந்த டிஸ்க்கும் உங்கள் பேரன் காலம் வரை ஓடப் போவதில்லை. ஆயிரம் டிஸ்க் ஓடினால் வருடத்துக்கு ஒன்பது போகும் என்பதுதான் அதன் அர்த்தம்.

அந்தப் பட்டியலில் கம்பெனிப் பெயரை மட்டும் படித்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். பத்து வருடத்துக்கு முன்னால் சீகேட்டின் 3 டிபி மாடல் ஒன்று அங்கே கொத்துக் கொத்தாகச் செத்தது, 2016-ல் அதற்காக அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 'சீகேட் பக்கமே போகாதே' என்ற பேச்சு அப்போது பரவியது, இன்றும் கடை வாசலில் கேட்கலாம். ஆனால் அதே சீகேட்டின் 6 டிபி மாடல் ஒன்று அதே பட்டியலில் பல வருடம் ஓடியும் மிகக் குறைவாகவே போனது. அந்த 3 டிபி டிஸ்க்குகளில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பதும் தனிக் கதை. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி டிஸ்க் விலை எகிறிய சமயத்தில், பேக்பிளேஸ் ஆட்கள் சூப்பர் மார்க்கெட் சூப்பர் மார்க்கெட்டாகப் போய் யூஎஸ்பி டிஸ்க்குகளை வாங்கி, பெட்டியை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்து மாட்டினார்கள். இன்னும் பழைய கதை வேண்டுமா? 2000-01 வாக்கில் ஐபிஎம்மின் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி அவ்வளவு மோசமாகச் செத்ததால் 'டெத்ஸ்டார்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். ஐபிஎம் அந்தத் தொழிலை ஹிட்டாச்சிக்கு விற்றது, ஹிட்டாச்சியின் அந்தப் பிரிவு எச்ஜிஎஸ்டி ஆனது. பேக்பிளேஸ் கணக்கில் வருடக்கணக்காகச் சாகாமல் ஓடிய டிஸ்க் எது என்று பார்த்தால், அந்த எச்ஜிஎஸ்டிதான். டெத்ஸ்டாரின் வாரிசு! 2012-ல் அதையும் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிவிட்டது, அல்ட்ராஸ்டார் என்ற பெயரில் இன்றும் வருகிறது. இப்போது உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்வதே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்ற மூன்று பேர்தான். அதனால் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது என்பதே பெரிய தேர்வு இல்லை.

நான் பார்ப்பது வேறு. நாஸ் வரிசைகளுக்கு (அயர்ன்வுல்ஃப், ரெட் பிளஸ், தோஷிபா என்300) மூன்று வருட வாரண்டி, அவற்றின் புரோ வகைக்கும் டேட்டா சென்டர் வகைகளுக்கும் (எக்ஸோஸ், அல்ட்ராஸ்டார், தோஷிபா எம்ஜி) ஐந்து வருடம். விலையை வாரண்டி வருடத்தால் வகுத்துப் பார்த்தால் பல சமயம் ஐந்து வருட டிஸ்க்கே மலிவாக வரும். நாஸ் வகைகளில் இன்னொரு நல்ல குணம், ஒரு செக்டர் படிக்க வராவிட்டால் பிடிவாதமாக நிமிடக்கணக்கில் முட்டிக்கொண்டிருக்காமல் ஏழு வினாடியில் 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். ரெய்ட் இருந்தால் அந்தத் தகவலை மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டெஸ்க்டாப் டிஸ்க் பதிலே சொல்லாமல் முட்டிக்கொண்டிருக்கும்போது, அது செத்துவிட்டது என்று நினைத்து ரெய்ட் தூக்கி வெளியே போட்டுவிடும்.

கடைக்காரர்கள், 'வீடியோ' என்று நீங்கள் வாயெடுத்ததும், சிசிடிவி டிஸ்க்கை நீட்டுவார்கள். அது பகல் இரவாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்குத் தயாரானது. நம் வேலை நேர் எதிர். வேலை செய்யாமல் போகாது, ஆனால் அதற்கென்று தனியாக எந்த நன்மையும் இல்லை.

டேட்டா சென்டர் டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சத்தம். எங்கள் சர்வர் முதலில் ஹாலில் டிவிக்குக் கீழே இருந்தது. அம்மா சீரியல் பார்க்கும்போது, "யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். சரியான வர்ணனை. ஹீலியம் அடைத்த அல்ட்ராஸ்டார் வகையில் இன்னொன்றும் உண்டு, சும்மா இருக்கும்போதும் ஐந்து வினாடிக்கு ஒருமுறை 'டப்' என்று ஒரு தட்டு. அது நோய் இல்லை, தகவலைப் படித்து எழுதும் தலைப்பகுதி ஒரே இடத்தில் நிற்காமல் இருக்க வேண்டுமென்றே செய்வது. ஆனால் 2019-ல் அந்தப் பல்லிச் சத்தத்தைக் கேட்டவனுக்கு முதல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இப்போது சர்வர் ஸ்டோர் ரூமில், அரிசி டிரம்முக்கு மேலே பலகையில் இருக்கிறது.

எங்கே வாங்குவது என்பதில்தான் நான் இப்போது அதிக நேரம் செலவழிக்கிறேன். மாடலைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் (பெயர் எதற்கு) 'புதியது' என்று வாங்கிய ஒரு டிஸ்க், வெறும் காகித உறையில், ஆட்டினால் கடகடக்கும் பெட்டியில் வந்தது. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டேன். இது வேறொரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்த டிஸ்க், வாரண்டிக்கு அவர்களிடமே போங்கள் என்று வந்தது. பெட்டியில் எழுதியிருந்த ஐந்து வருடத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. நல்லவேளை திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கவில்லை.

அதைவிட மோசமானது பழையதைப் புதிதாக்கி விற்பது. 2025 ஆரம்பத்தில் ஜெர்மனியில் இது பெரிய செய்தி. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை (எத்தனை மணி நேரம் ஓடியது, என்ன கோளாறு என்று டிஸ்க் தானே எழுதி வைக்கும் குறிப்பு) பூஜ்ஜியமாக்கிப் புதிய டிஸ்க்காக விற்றிருந்தார்கள். சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக 2021-ல் டிஸ்க் டிஸ்க்காக வாங்கிக் குவித்தார்கள் அல்லவா, அந்தப் பண்ணைகளிலிருந்து வந்தவை அவை என்று சந்தேகம். மாட்டிவிட்டது எப்படி என்றால், சீகேட் டிஸ்க்குகளில் ஸ்மார்ட் தவிர ஃபார்ம் என்று இன்னொரு கணக்கும் உண்டு, மோசடிக்காரர்கள் அதை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் புதிய பதிப்பு இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்மார்ட் 3 மணி நேரம் என்கிறது, ஃபார்ம் 20,000 என்கிறது என்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

கடைசியாக வாங்கியது ரிச்சி தெருவில். நேரில் போனேன், பெட்டியை என் கையில் எடுத்து மாடல் எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தேன், சீரியல் எண்ணை அங்கேயே போனில் அடித்து வாரண்டி இந்தியாவுக்கு உண்டா, எந்தத் தேதி வரை என்று பார்த்தேன். கடைக்காரர், "சார், சீல் கட் பண்ணாத பீஸ் சார், சந்தேகமே வேண்டாம்" என்றார். "பில்லோட வேணும்ணே" என்றதும், "பில்லோடன்னா கொஞ்சம் ஏறும்" என்றார். ஏறட்டும். பில் இல்லாத டிஸ்க்குக்கு வாரண்டி கேட்டுப் போய் நின்றவர்களுக்கு அந்தக் கொஞ்சத்தின் அருமை தெரியும். இரண்டு டிஸ்க் அங்கே, இரண்டு வேறு இடத்தில், வேறு மாதத்தில், வேறு கம்பெனி. ஒரே நாளில் ஒரே தொகுதியில் செய்த நான்கு டிஸ்க்கை ஒரே லாரியில் ஒரே குழியில் குலுங்கி வரவழைத்து, ஒன்றுக்கு ஒன்று காவல் என்று நம்புவது எனக்கு ஒப்பவில்லை.

வாங்கியதும் படங்களை ஏற்றிவிடாதீர்கள். என் டிஸ்க் எதுவும் முதல் ஒரு வாரம் வேலைக்குப் போவதில்லை. முதலில் ஸ்மார்ட் நீண்ட சோதனை, 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அப்புறம் பேட்பிளாக்ஸ் என்ற சோதனைக் கருவியை வைத்து முழு டிஸ்க்கையும் நான்கு விதமாக எழுதி, நான்கு முறை திரும்பப் படித்துச் சரிபார்ப்பது, இதற்கு நான்கு நாளுக்கு மேல் பிடிக்கும். (உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், காலி டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள். சர்வரில் ஏற்கெனவே ஓடும் டிஸ்க்கின் பெயரை ராத்திரி 12 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அடித்துவிடாதீர்கள்.) பிறகு மறுபடி ஒரு நீண்ட சோதனை. கூரியரில் அடிபட்ட டிஸ்க் தன் குணத்தைப் பெரும்பாலும் இந்த வாரத்திலேயே காட்டிவிடும், கடைக்காரரே மாற்றிக் கொடுக்கும் காலத்துக்குள். அதன் பிறகு என்றால் வாரண்டி மையம், ஃபாரம், காத்திருப்பு, கடைசியில் சரிசெய்த பழைய டிஸ்க் ஒன்று.

சோதனை முடிந்ததும் பார்க்க வேண்டிய ஸ்மார்ட் எண்கள் ஐந்து: 5, 187, 188, 197, 198. ஒவ்வொன்றும் ஒரு வகைக் கோளாறு எத்தனை முறை வந்தது என்ற கணக்கு. பேக்பிளேஸ் ஆட்களும் இந்த ஐந்தைத்தான் கவனிக்கிறார்கள். எல்லா டிஸ்க்கிலும் ஐந்தும் இருக்காது, இருப்பவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் 5-ஓ 197-ஓ ஒன்று என்று காட்டினால்கூட நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன், விவாதமே கிடையாது. 199 ஏறினால் மட்டும் அவசரப்படாதீர்கள். அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போக்குவரத்துக் கோளாறு. நான் ஒரு நல்ல டிஸ்க்கைத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டிவிட்டேன், கடைசி நிமிடத்தில் சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்தால் சரியாகிவிட்டது. அதற்காக எண்கள் பூஜ்ஜியமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் இல்லை. கூகுள் 2007-ல் தன் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. சூட்டுக்கும் சாவுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆனால் அவர்களுடையது ஏசி போட்ட டேட்டா சென்டர். சென்னை மே மாதத்தில் கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் என் டிஸ்க் 54 டிகிரி காட்டியது, நான் கதவைக் கழற்றிவிட்டேன். இப்போது 40-ஐ ஒட்டி நிற்கிறது.

கரண்ட் கட் சூட்டைவிடப் பெரிய விரோதி. வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நானும் இருந்தேன், ஆனால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் சர்வர் ரீஸ்டார்ட் ஆனது. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும், சாதாரண மோடு, யூபிஎஸ் மோடு என்று. எலெக்ட்ரீஷியன் அதைச் சாதாரணத்தில் விட்டுப் போயிருந்தார். அந்த மோடில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் பரவாயில்லை, கம்ப்யூட்டருக்குத் தாங்காது. ஸ்விட்சைத் தள்ளியதோடு பிரச்சினை தீர்ந்தது. அதற்கு முன்னால் ஒரு வருடத்தில் அந்த டிஸ்க்குகள் எத்தனை முறை ஓடிக்கொண்டிருந்த வாக்கிலேயே தலையை அவசரமாக இழுத்துக்கொண்டன என்பது 192-ஆம் ஸ்மார்ட் எண்ணில் இருக்கிறது, அதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இப்போதைய ஏற்பாடு இது. ரெய்டை விட்டுவிட்டேன். மூன்று டிஸ்க்கில் கோப்புகள், நான்காவதில் ஸ்நாப்ரெய்ட் என்ற மென்பொருள் போடும் பேரிட்டி (போன டிஸ்க்கை மீட்க உதவும் கணக்கு), தினமும் அதிகாலையில் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒரு டிஸ்க் போனால் மீட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு போனால் போன டிஸ்க்கில் இருந்தது மட்டும் போகும், மற்றதை எடுத்து எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்கும். சினிமா போனால் மறுபடி டிவிடியைத் தேடிப் பதிந்துகொள்ளலாம். குடும்ப வீடியோவும் அப்பாவின் நாதஸ்வரமும் மட்டும் வேறு இரண்டு டிஸ்க்கில் தனியாகக் காப்பி உண்டு. அதில் ஒன்று கும்பகோணத்தில், அப்பாவின் பீரோவில், பட்டு வேட்டிக்குக் கீழே. பொங்கலுக்குப் போகும்போது இங்கிருந்து ஒன்றை எடுத்துப் போய் வைத்துவிட்டு அங்கிருப்பதை எடுத்து வருவேன். நான்கு டிஸ்க்கும் சும்மா சுற்றுவதற்கே சுமார் 20 வாட், இரண்டு மாத இ.பி. பில்லில் 29 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டுமோ என்று மனைவி கணக்குப் பார்க்கும் வெயில் மாதங்களில் இந்த 29 பற்றி வீட்டில் பேச்சு வரும், நான் ஸ்டோர் ரூம் பக்கம் போய்விடுவேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் மச்சான் "எந்த கம்பெனி" என்றான். கடைசியில், சிஎம்ஆர் என்று நான் பார்த்து உறுதி செய்த ஒரு மாடல் எண்ணை முழுதாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதைத் தவிர வேறு எதையும் வாங்காதே, ஓர் எழுத்து மாறினாலும் எனக்குப் போன் பண்ணு என்று எழுதினேன். நேற்று சாயங்காலம் ஒரு போட்டோ வந்தது. "மாமா, வாங்கியாச்சு. கடைக்காரர் இதுவும் அதேதான்னு சொன்னார்." டிஸ்க் மேசை மேல் சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் ஒரு டீ கிளாஸ், மேலே டியூப்லைட் வெளிச்சம் பளீரென்று அடித்து ஸ்டிக்கரில் பாதி மறைந்திருக்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைசி நான்கு எழுத்து தெரியவே இல்லை. கிட்டே வைத்து இன்னொன்று எடுத்து அனுப்பு என்று எழுதினேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.